கண்டெய்னர் இமேஜ் அழிக்கதுக்கு முன்னாடி இத பாத்துக்கிடுங்க

மக்களே, நாகர்கோவில்ல நாங்க நாலஞ்சு பேரு சேந்து ஒரு ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட் ஓட்டுதோம், அதுல பட்டு தெரிஞ்சது இது. ரெஜிஸ்ட்ரில (இமேஜ், அதாவது ஆப்பையும் அது ஓட வேண்டியதையும் சேத்து கட்டுன பொதிய, போட்டு வைக்க எடம்) டேக் (பேரு சீட்டு) இல்லாத இமேஜ் குமிஞ்சு கெடக்கேன்னு ஒரு ராத்திரி மொத்தமா அழிச்சுட்டோம், காலைல பாத்தா டேக் எல்லாம் அப்படியே இருக்கு ஆனா புல் பண்ணுனா, அதாவது எறக்குனா, வரல. காரணம் என்னன்னா ஏஆர்எம், இன்டெல்னு ரெண்டு வகை ப்ராசஸருக்கும் சேத்து பில்ட் பண்ணும்போது, எதுக்கு எந்த இமேஜ்னு சொல்லுத பட்டியல், அதாவது மேல உள்ள இன்டெக்ஸுக்கு மட்டுந்தான் டேக் ஒட்டும், அடில உள்ள ஒவ்வொரு ஆர்க்கிடெக்சர் இமேஜும் டேக் இல்லாமதான் கெடக்கும். அதனால க்ளீனப் ஸ்கிரிப்ட் எழுதும்போது இன்டெக்ஸ் சுட்டுத டைஜெஸ்ட் (ஒவ்வொரு இமேஜுக்கும் உள்ள அடையாள கோடு) எல்லாத்தையும் முதல்ல அழிக்காம ஒதுக்கி வச்சிருங்க, இது ரொம்ப முக்கியம்.

ரிலீஸ் டேக்க தொடவே தொடாதீங்க, யாரோ எங்கயோ அத நம்பி சர்வர் ஓட்டுவாங்க. நைட்லி (தெனமும் ராத்திரி தானா ஆவுதது), புல் ரிக்வெஸ்ட் (யாராவது கோட் மாத்தி அனுப்பும்போது சோதிக்கதுக்கு ஆவுதது) பில்ட் மட்டும் ரெண்டு வாரத்துல போனா போதும். க்வே ரெஜிஸ்ட்ரினா இமேஜ்லயே காலாவதி லேபிள் போடலாம், தானா போயிரும், ஸ்கிரிப்டே வேண்டாம்.

அப்புறம் ஒரே எடத்த நம்பாதீங்க. 2023 மார்ச்ல டாக்கர் கம்பெனி அதோட ரெஜிஸ்ட்ரில இருந்த ஃப்ரீ டீம் ப்ளான நிறுத்தப்போறோம்னு சொல்லிட்டு அதே மாசம் வாபஸ் வாங்குச்சு, அந்த கொஞ்ச நாள்ல எத்தன ப்ராஜெக்ட் பதறிச்சு. கிட்ஹப் ரெஜிஸ்ட்ரில பப்ளிக் இமேஜுக்கு காசு கெடயாது, அதே பில்ட அங்கயும் ஒரு புஷ் பண்ணி (ஏத்தி) வைங்க. கண்டெய்னர்கள நிர்வகிக்குத குபர்நெட்டிஸ் ப்ராஜெக்ட் சொந்த டொமைன்லயே ரெஜிஸ்ட்ரி வச்சிருக்கு, முடிஞ்சா அதுதான் நல்லது, பின்னால ஸ்டோரேஜ் மாறுனாலும் அட்ரஸ் மாறாதுல்லா.