கடலடி வீட்டில் காதைக் கெடுத்துக்கொள்வது எப்படி?

ஆய்வுக்காகக் கடலுக்கடியில் நாள்கணக்கில் தங்கும் வீடு இது. புதிதாக வந்த மூன்று பேரும் காதில் சொட்டு மருந்து விட்டார்கள். அரை நிமிடம்கூட ஆகவில்லை, தலையை உதறித் துடைத்துக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடலடியில் முதன்முறை தங்கியபோது நானும் இதையேதான் செய்தேன்.

நினைத்தவுடன் நீர்மட்டத்துக்கு ஏறக் கூடாது, வீட்டுக்குத் திரும்ப வழிகாட்டும் கயிற்றை விடக் கூடாது என்பதையெல்லாம் பயிற்சியிலேயே மண்டையில் ஏற்றிவிடுவார்கள். அவற்றை இங்கே எழுதப்போவதில்லை. நானும் மற்றவர்களும் செய்த சின்னத் தவறுகள்தான் இவை.

அந்த ஐந்து நிமிடம்

காதுக்குள் இயல்பாகவே மெழுகும் லேசான அமிலத்தன்மையும் உண்டு. கிருமியைத் தடுப்பவை அவைதான். தினமும் மணிக்கணக்கில் நீரில் கிடந்தால் மெழுகு கரைந்துபோகும், தோல் ஊறி உப்பும். வீட்டுக்குள் வந்தாலும் காற்றில் அவ்வளவு ஈரம், காது காய்வதே இல்லை. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

அதற்காகத்தான் 2 சதவீத அசிட்டிக் அமிலம் கலந்த சொட்டு மருந்து. காலையில், இரவில், ஒவ்வொரு முறை நீரிலிருந்து வந்த பிறகும் விட வேண்டும். ஒரு பக்கம் தலையைச் சாய்த்துக் காதை நிரப்பி, கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிடம். பிறகு மறு காதுக்கும் ஐந்து நிமிடம். மருந்து காதுக்குள் நின்றால்தான் வேலை செய்யும். பட்டுவிட்டு ஓடிவிட்டால், விட்டதும் விடாததும் ஒன்றுதான். அடுத்தவர் புட்டியைத் தொடாதீர்கள். பஞ்சுக்குச்சியைக் கையிலேயே எடுக்காதீர்கள்.

என் கதை இது. மூன்றாம் நாள் லேசாக அரித்தது. யாரிடமும் சொல்லவில்லை. நான்காம் நாள் ரொட்டியை மெல்ல வாயைத் திறந்தபோது கண்ணில் நீர் வந்துவிட்டது. அதோடு நீரில் இறங்கத் தடை. தனியாக யாரும் நீந்தப் போகக் கூடாது என்பதால் என் ஜோடிக்காரரின் வேலையும் முடங்கியது. பல மாதம் திட்டமிட்ட பவள அளவீடு, பாதியில் நின்றுபோனது. சரி, வீட்டுக்காவது கிளம்பலாமா என்றால் அதுவும் முடியாது. ஒரு நாளைத் தாண்டிவிட்டால் உடல் திசுக்களில் நைட்ரஜன் நிறைந்துவிடும். பிறகு அழுத்தத்தை மெல்ல மெல்லத்தான் குறைக்க முடியும். புளோரிடாவின் அக்வாரியஸ் என்ற கடலடி ஆய்வு வீட்டில் அதற்கு ஏறக்குறைய 17 மணி நேரம் ஆகும். ஜன்னலருகே உட்கார்ந்து, என்னை வேடிக்கை பார்த்த மீன்களை நான் வேடிக்கை பார்த்தேன். ஜோடிக்காரர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

கீழே பார்க்காமல் இறங்குவது

வீட்டின் அடிநிழலைப் பெரிய மீன்கள் தங்களுடையதாக ஆக்கிக்கொள்ளும். வீட்டிலிருந்து நீருக்குள் இறங்கும் திறப்பில் ஒருமுறை நான் அவசரமாகக் குதித்தேன். கீழே ஆள் அளவு களவா ஒன்று. அது கடிக்கவில்லை. 'பூம்' என்று ஒரு முழக்கம் விட்டது, அவ்வளவுதான். அந்தச் சத்தம் காதில் கேட்பதற்குள் நெஞ்சில் விழுந்தது. தலையை நீருக்குள் விட்டு ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்குங்கள்.

மீனுக்குத் தீனி போடுவது

வேண்டாம்.

இறுக மூடிய மூடிகள்

உள்ளே காற்றழுத்தம் மேலே இருப்பதைப்போல இரண்டரை மடங்கு. மேலே மூடிய பாட்டில் கீழே வந்தால் திறக்க வராது. கீழே மூடியது ஏறும்போது வெடிக்கும். கிளம்புமுன் ஷாம்பு புட்டிவரை எல்லாவற்றையும் தளர்த்திவிடுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் பை முழுக்க நுரையோடு ஊர் போய்ச் சேர்ந்தார்.

இரவுச் சத்தத்துக்குப் பதறுவது

படுத்தவுடன் சுவரெல்லாம் பொரிவதுபோல் படபடவென்று கேட்கும். மின்கசிவு என்று கட்டுப்பாட்டு அறையை எழுப்பியவன் நான். வெளியே பவளப்பாறையில் இறால்கள் கொடுக்கைச் சொடுக்கிக்கொண்டிருந்தன.

விசில்

அடர்ந்த காற்றில் வராது. உதடு வலிப்பதுதான் மிச்சம்.