பின்பால் சிமுலேட்டர்களை ஒப்பிடும்போது எங்கே தவறுகிறோம்?

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் கம்ப்யூட்டர் பழகியவர்களில் ‘ஸ்பேஸ் கேடட்’ என்ற பின்பால் ஆட்டத்தை ஆடாதவர்கள் குறைவு. இசட் எழுத்தைத் தட்டினால் இடது ஃபிளிப்பர் (பந்தை மேலே அடிக்கும் துடுப்பு), சாய்கோட்டைத் தட்டினால் வலது ஃபிளிப்பர். 1995-இல் மேக்ஸிஸ் வெளியிட்ட ‘ஃபுல் டில்ட்! பின்பால்’ என்ற தொகுப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் எடுத்துக்கொண்ட ஒரு டேபிள், அதாவது ஒரு தனி ஆடுதளம், அது. விஸ்டா வந்தபோது அது காணாமல் போனது. காரணத்தை மைக்ரோசாஃப்ட்டின் ரேமண்ட் சென் பிற்பாடு எழுதினார்: நிரலை 64 பிட்டுக்கு மாற்றியபோது பந்து எதிலும் மோதாமல், எல்லாவற்றுக்குள்ளும் புகுந்து கீழே விழ ஆரம்பித்தது. பிழை எங்கே என்று பழைய நிரலில் கண்டுபிடிக்க முடியவில்லை, அதனால் டேபிளையே எடுத்துவிட்டார்கள்.

பின்பாலில் மோதல் கணக்குதான் உயிர் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. ஆனாலும் இன்றைக்கு, நிஜப் பின்பால் மெஷினைத் திரையில் ஆட வைக்கும் இரண்டு சிமுலேட்டர்களைப் பக்கத்தில் வைத்து “எது நிஜம் மாதிரி இருக்கிறது?” என்று கேட்டால், பெரும்பாலானோர் கண்ணாடியில் தெரியும் பிரதிபலிப்பையும் விளக்கு வெளிச்சத்தையும்தான் பார்க்கிறார்கள். நானும் பல வருஷம் அப்படித்தான் பார்த்தேன். முதல் தவறு அதுதான்.

படத்தைப் பார்க்காதீர்கள், பந்தைப் பாருங்கள்

நிஜ மெஷினில் இருப்பது 27 மில்லிமீட்டர் விட்டமும் சுமார் 80 கிராம் எடையும் கொண்ட எஃகு உருண்டை. மேசை சுமார் 6.5 டிகிரி சாய்ந்திருக்கும். வில்லியம்ஸ், பேலி நிறுவனங்களின் 1990-களின் வழக்கமான மெஷின்களில் ஆடுதளம் 46 அங்குல நீளம். இந்த மூன்று விவரம் போதும், ஒரு நல்ல சோதனை கிடைத்துவிடும்.

வழுக்காமல் உருளும் உருண்டை, சரிவு தரும் முடுக்கத்தில் ஏழில் ஐந்து பங்கைத்தான் முன்னோக்கிய ஓட்டமாக மாற்றும். மீதி சுழற்சிக்குப் போய்விடும். கணக்குப் போட்டால், மேல் விளிம்பில் அசையாமல் நின்ற பந்து எதிலும் இடிக்காமல் கீழே வந்து சேரச் சுமார் 1.7 நொடி ஆகும். பாதி தூரத்திலிருந்து என்றால் சுமார் 1.2 நொடி. போனில் ஸ்டாப்வாட்ச்சை வைத்துக்கொண்டு, பந்து எங்காவது தயங்கி நின்று தானாக இறங்கும் தருணத்தைப் பிடியுங்கள். அந்த இறக்கத்துக்கு இரண்டரை நொடி எடுத்தால், அந்த ஆட்டத்தில் பந்து உருளவில்லை, மிதக்கிறது. சில சிமுலேட்டர்களை ஆடும்போது “என்னமோ தண்ணிக்குள்ள ஆடற மாதிரி இருக்கு” என்று தோன்றும். அந்த உணர்வுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இந்த எண்தான்.

அடுத்தது ஃபிளிப்பர். பந்து ஓரளவு வேகத்தோடு ஒரு ஃபிளிப்பரை நோக்கி வருகிறது. நீங்கள் பட்டனை அழுத்தவே கூடாது. நிஜ மெஷினில், ஓய்வில் இருக்கும் ஃபிளிப்பரின் ரப்பர் வளையத்தில் பட்டுப் பந்து துள்ளி, எதிர்ப்பக்க ஃபிளிப்பருக்குத் தாவும். இதை ‘டெட் பவுன்ஸ்’ என்பார்கள். நல்ல ஆட்டக்காரர்கள் ஒரு ஆட்டத்தில் பல முறை இதைச் செய்வார்கள். பிறகு ஃபிளிப்பரைத் தூக்கி வைத்துப் பந்தை அதன் மடியில் நிறுத்திப் பாருங்கள். நிற்கிறதா, பசை போட்டது போல ஒட்டிக்கொள்கிறதா? ஃபிளிப்பரைத் தூக்கி வைத்திருந்து, பந்து தொடும் நொடியில் கையை விட்டால் அதன் வேகம் செத்துப்போக வேண்டும். இது ‘டிராப் கேட்ச்’.

இந்த மூன்றும் ஒரு சிமுலேட்டரில் நடந்தால், அதன் படம் பத்து வருஷம் பழசாக இருந்தாலும் எனக்குக் கவலையில்லை. ரப்பரில் பந்து எவ்வளவு துள்ளும் என்பது எல்லா வேகத்துக்கும் ஒரே விகிதமாக இருக்காது; வேகமாக மோதினால் துள்ளலின் விகிதம் குறையும். விஷுவல் பின்பால் என்ற சிமுலேட்டரில் டேபிள் செய்பவர்கள் இதற்கென்றே தனி எண் கொடுக்க முடியும். அதன் இயற்பியல் கணக்கு ஒவ்வொரு மில்லி நொடிக்கும் ஒரு முறை ஓடுகிறது. 2000-இல் ராண்டி டேவிஸ் வெளியிட்டது, பிறகு திறமூலமாகி ஆர்வலர்கள் கைக்கு வந்தது. இன்றைக்கு ஃபிளிப்பர் நுணுக்கத்தில் அது நிற்கும் உயரத்துக்கு அவர்களுடைய உழைப்புதான் காரணம்.

தாமதத்தை ஆட்டத்தின் தலையில் கட்டாதீர்கள்

இதில் நான் கொஞ்சம் நேரம் நிற்கிறேன், ஏனென்றால் இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள்.

ஒரு சிமுலேட்டரை லேப்டாப்பில் ஆடி ரசித்தேன். அதையே வரவேற்பறை டிவியில், ப்ளூடூத் கன்ட்ரோலரோடு ஆடியபோது எல்லா ஷாட்டும் தவறியது. ரேம்ப்பை (பந்து ஏறிப்போகும் சரிவுப் பாதை) குறிவைத்தால் பந்து பக்கத்துத் தூணில் இடித்தது. ‘டிவிக்கான பதிப்பில் ஃபிளிப்பரைக் கெடுத்துவிட்டார்கள்’ என்று முடிவுகட்டி, இரண்டு நண்பர்களிடமும் சொல்லிவிட்டேன். ஒரு வாரம் கழித்து போன் கேமராவை 240 ஃபிரேம் ஸ்லோ மோஷனில் வைத்து, பட்டனும் திரையும் ஒன்றாகத் தெரியும்படி படம் எடுத்தேன். விரல் அமுங்கிய ஃபிரேமுக்கும் ஃபிளிப்பர் அசைந்த ஃபிரேமுக்கும் நடுவே எண்ணினால் முப்பதைத் தாண்டியது. ஒரு ஃபிரேம் சுமார் 4 மில்லி நொடி. டிவி அமைப்பில் ‘கேம் மோடு’ போட்டு, கன்ட்ரோலரை வயரில் இணைத்ததும் அந்த எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. ஆட்டத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

50 மில்லி நொடி தாமதம் என்றால் காதுக்குச் சின்னதாகத்தான் கேட்கும். ஃபிளிப்பருக்கு வரும் பந்து நொடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் வந்தால், அந்த நேரத்தில் அது 6 சென்டிமீட்டர் போய்விடும். ஃபிளிப்பரின் மொத்த நீளமே 3 அங்குலம், அதாவது ஏழரை சென்டிமீட்டர்தான். பந்து ஃபிளிப்பரின் எந்த இடத்தில் இருக்கும்போது அடிக்கிறோம் என்பதை வைத்துத்தான் குறி அமைகிறது. அதனால், ஒப்பிடும் இரண்டு ஆட்டங்களும் ஒரே திரையில், ஒரே கன்ட்ரோலரில் ஓட வேண்டும். ஒன்றைப் போனிலும் மற்றொன்றை டிவியிலும் ஆடிவிட்டுத் தீர்ப்புச் சொன்னால், அது டிவியைப் பற்றிய தீர்ப்பு.

கன்ட்ரோலரிலும் ஒரு சின்ன விஷயம். ஃபிளிப்பரை அடியில் இருக்கும் டிரிகரில் வைக்காதீர்கள். அது பாதி தூரம் உள்ளே போன பிறகுதான் பல ஆட்டங்களில் வேலை செய்யும். மேலே இருக்கும் தட்டைப் பட்டன்கள் உடனே பதில் தரும்.

மாம்பழத்தையும் பலாப்பழத்தையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்

பின்பால் எஃப்எக்ஸ் என்ற இன்னொரு சிமுலேட்டரில் கற்பனையாகச் செய்த ஒரு சூப்பர்ஹீரோ டேபிளை ஆடிவிட்டு, விஷுவல் பின்பாலில் 1970-களின் எலெக்ட்ரோ மெக்கானிக்கல் டேபிள் ஒன்றை ஆடி, “இது மந்தமாக இருக்கிறது” என்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த மெஷின் நிஜத்திலும் மந்தம்தான். ஒப்பிட வேண்டுமென்றால் இரண்டு பக்கத்திலும் இருக்கும் ஒரே மெஷினை எடுங்கள்.

இதற்கு எனக்குப் பிடித்தது மெடீவல் மேட்னஸ். பிரையன் எட்டி வடிவமைத்து, 1997-இல் வில்லியம்ஸ் வெளியிட்டது; 4,016 மெஷின்கள் செய்தார்கள். நடுவில் ஒரு கோட்டை, அதன் முன்னால் இழுவைப் பாலம். பாலத்தை அடித்து அடித்து இறக்க வேண்டும், பிறகு கதவை இடிக்க வேண்டும். அபாயம் எங்கே என்றால், நேராக அடித்த பந்து பாலத்தில் பட்டு அதே கோட்டில் திரும்பி, இரண்டு ஃபிளிப்பருக்கும் நடுவே பாய்ந்து வரும். நிஜத்தில் ஆடுகிறவர் அந்த அடியை அடித்த மறுகணமே இடுப்பால் மெஷினைத் தள்ளத் தயாராக நிற்பார். ஒரு சிமுலேட்டரில் பாலத்தை இருபது முறை அடியுங்கள். இருபது முறையும் பந்து பத்திரமாக ஏதாவது ஒரு ஃபிளிப்பருக்கே வந்து சேர்ந்தால், யாரோ உங்களுக்காக இரக்கப்பட்டிருக்கிறார்கள் என்று பொருள். இருபது முறையும் ஒரே பாதையில் திரும்பினாலும் தப்புதான்; நிஜ உலகில் எந்த இரண்டு மோதலும் ஒன்றுபோல இருக்காது.

இன்னொரு நல்ல மெஷின் ட்வைலைட் ஸோன், பேட் லாலரின் 1993-ஆம் ஆண்டு வடிவமைப்பு. அதில் ஒரு பந்து மட்டும் வெள்ளைப் பீங்கான். எஃகைவிட இலேசு, காந்தம் இழுக்காது. அந்தப் பந்து வந்ததும் ஆட்டத்தின் தாளமே மாற வேண்டும். வெள்ளைப் பூச்சு மட்டும் மாறி, ஓட்டம் எஃகுப் பந்து போலவே இருந்தால், அந்தச் சிமுலேட்டரை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. விஷுவல் பின்பாலில் ஒவ்வொரு டேபிளையும் ஒவ்வொரு ஆர்வலர் செய்கிறார். ஒரு டேபிள் சொதப்பியதை வைத்து மொத்தத்தையும் ஒதுக்குவது, ஒரு ஓட்டல் சாம்பாரை வைத்து ஊர்ச் சமையலையே பழிப்பது மாதிரி.

கஷ்டமாக இருந்தால் நிஜம் என்று நினைக்காதீர்கள்

பந்து சீக்கிரம் விழுந்தால் “ரியலிஸ்டிக்” என்று பாராட்டும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. நிஜ மெஷினுக்கே ஒரே கடினம் கிடையாது. அவுட்லேன் (பந்து கீழே விழுந்துபோகும் பக்கவாட்டுப் பாதை) ஓரத்தில் இருக்கும் தூணை ஒரு துளை மேலேயோ கீழேயோ மாற்றி வைக்கலாம். சாய்வைக் கூட்டலாம். ஒரு ஆட்டத்துக்கு மூன்று பந்தா ஐந்து பந்தா என்று மெனுவில் மாற்றலாம். பந்து விழாமல் காப்பாற்றும் நேரத்தையும் நீட்டலாம், குறைக்கலாம். ஒரு சிமுலேட்டரில் இளகிய அமைப்பும் மற்றொன்றில் போட்டி அமைப்பும் இருந்தால், நீங்கள் ஒப்பிடுவது இரண்டு மெஷின் உரிமையாளர்களின் விருப்பத்தை.

அதேபோல, நேரத்தைப் பின்னோக்கி ஓட்டுவது, பந்தை மெதுவாக்குவது, புள்ளியைப் பெருக்குவது போன்ற வசதிகள் பின்பால் எஃப்எக்ஸ் 3-இல் உண்டு. அவை தனி அடுக்கு. அவற்றை அணைத்துவிட்டு, வில்லியம்ஸ் டேபிள்களைக் கிளாசிக் முறையில் ஆடிய பிறகே அதன் இயற்பியலைப் பற்றிப் பேசுங்கள். புதிதாகக் கற்றுக்கொள்ளும் ஒரு குழந்தைக்கு அந்த வசதிகள் நல்லவை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எளிமையும் உண்மையும் எதிரிகள் இல்லை. பந்து சரியாக உருளும் ஒரு டேபிளில் ஐந்து பந்து கொடுத்தால், அது எளிதாகவும் நிஜமாகவும் இருக்கும்.

பழைய கருத்துகளை நம்பிக் காசு கொடுப்பதும் இதோடு சேர்ந்த தவறுதான். 2012-இல் வந்த தி பின்பால் ஆர்கேடை “வில்லியம்ஸ் டேபிள்களுக்கு இதுதான்” என்று புகழ்ந்த பேச்சு இன்றும் கண்ணில் படும். 2018 ஜூன் 30-ஆம் தேதியோடு அந்த உரிமம் முடிந்து, வில்லியம்ஸ், பேலி டேபிள்கள் அதன் விற்பனையிலிருந்து போய்விட்டன. அதே ஆண்டு உரிமம் பின்பால் எஃப்எக்ஸைச் செய்யும் ஸென் ஸ்டூடியோஸுக்கு வந்தது. எந்த வருஷத்து, எந்தப் பதிப்பைப் பற்றிய கருத்து என்று பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள்.

“ஆட எளிது” என்றால் என்ன?

இந்தச் சொல்லுக்குள் இரண்டு அர்த்தம் ஒளிந்திருக்கிறது. ஒன்று, நிறுவி ஆட ஆரம்பிப்பது. பின்பால் எஃப்எக்ஸ், இத்தாலியின் பழைய மெஷின்களைக் கொண்ட ஸக்காரியா பின்பால் போன்றவற்றில் இறக்கியதும் ஆடலாம். விஷுவல் பின்பாலில் டேபிள் கோப்பு தனி, அந்த மெஷினின் ரோம் (உள்ளே ஓடும் நிரல்) தனி, பின்கண்ணாடிப் படம் தனி. முதல் டேபிள் ஓட ஒரு மாலைப்பொழுது போய்விடும். அந்த மாலையின் எரிச்சலை ஆட்டத்தின் மேல் மதிப்பெண்ணாகக் காட்டாதீர்கள். இன்னொன்று, ஆட ஆரம்பித்த பிறகு கைக்கும் கண்ணுக்கும் வரும் எளிமை. பெரும்பாலும் அது சின்ன அமைப்புகளில்தான் இருக்கிறது. உதாரணமாக, விஷுவல் பின்பாலில் ஃபிளிப்பர்கள் ஷிப்ட் விசைகளில் இருக்கும். ஷிப்டை ஐந்து முறை தொடர்ந்து தட்டினால் விண்டோஸ் ‘ஸ்டிக்கி கீஸ்’ பெட்டியை நடுத்திரையில் நிறுத்தும், பந்து போய்விடும். முதலில் அதை அணைத்துவையுங்கள்.

கேமராவும் அப்படியே. பந்தைத் துரத்தி ஏறி இறங்கும் காட்சியில் குறிவைக்கவே முடியாது. முழு மேசையும் அசையாமல் தெரியும் காட்சியைத் தேர்ந்தெடுங்கள். போனை நிமிர்த்திப் பிடித்தாலே பாதிப் பிரச்சினை தீரும், மானிட்டரைத் திருப்பி வைக்க முடிந்தால் இன்னும் நல்லது.

கடைசியாக, பலர் தொட்டே பார்க்காத ஒன்று: நட்ஜ், அதாவது மெஷினை லேசாகத் தட்டுவது. மெஷினைத் தட்டாமல் ஆடிவிட்டு “அவுட்லேன் ரொம்பக் கொடுமை” என்று புலம்புவது, பிரேக் இல்லாமல் வண்டி ஓட்டிவிட்டு ரோட்டைக் குறை சொல்வது போல. நிஜ மெஷினுக்குள், ஒரு உலோக வளையத்தின் நடுவே ஒரு குண்டு தொங்கும். மெஷினை அதிகமாகத் தள்ளினால் குண்டு ஆடி வளையத்தைத் தொடும், டில்ட் ஆகும், அதாவது அந்தப் பந்து பறிபோகும். ஒரு முறை தள்ளிய பிறகும் குண்டு ஊசலாடிக்கொண்டே இருப்பதால், உடனே இரண்டாவது முறை தள்ளினால் ஆபத்து. சில நொடி பொறுத்தால் அதே தள்ளலில் ஒன்றும் ஆகாது. சிமுலேட்டரில் அடுத்தடுத்து இரண்டு முறை தள்ளிப் பாருங்கள். பிறகு ஐந்து நொடி இடைவெளி விட்டு இரண்டு முறை தள்ளுங்கள். இரண்டுக்கும் ஒரே எச்சரிக்கை வந்தால், உள்ளே குண்டு தொங்கவில்லை. யாரோ தட்டல்களை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.