கம்பஸ் பிள்ளைகளுக்கு ஒரு கைச்செலவு வழி

ஏஐ வைத்து உழைக்க வெளிநாட்டு வேலைத்தளங்களில் போய் வரிசையில் நிற்கத் தேவையில்லை. யாழ்ப்பாணத்திலேயே வேலை கிடக்கிறது: ஒருவர் இறந்தபின் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்கு அடிக்கும் நினைவு மலரைத் தட்டச்சு செய்து கொடுப்பது. 31ஆம் நாளுக்குள் புத்தகம் கையில் வேண்டும். வீட்டாரிடம் இருப்பதோ ஒரு கொப்பியும் பழைய தேவாரப் புத்தகமும்தான்.

அச்சுப் பக்கத்தை நல்ல வெளிச்சத்தில் நேராகப் படமெடுத்து கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்தாக வந்துவிடும். கையெழுத்தில் இதை அவ்வளவு நம்ப முடியாது. நீங்களே வாசித்துக் குரலால் தட்டச்சு செய்வது சுகம்.

அப்புறம் சாட்ஜிபிடியிடம் கொடுக்கும்போது, "எழுத்துப்பிழை மட்டும் திருத்து, வசனத்தை மாற்றாதே" என்று சொல்லுங்கள். இல்லாவிட்டால் 'கதைத்தார்' என்பது 'பேசினார்' ஆகிவிடும். பெயர்கள்தான் பெரிய தலையிடி. 'றஞ்சினி' சத்தமில்லாமல் 'ரஞ்சினி' ஆகியிருக்கும். அந்த வீட்டுக்காரர் பார்த்தவுடன் கண்டுபிடிப்பார். வம்சாவளியை வரிக்கு வரி கொப்பியோடு ஒத்துப் பாருங்கள். தேவாரத்தை ஏஐயிடம் கேட்டு எழுதவே வேண்டாம், இல்லாத அடியைத் தானே சேர்க்கும்.

சில அச்சகங்கள் பாமினி என்ற பழைய எழுத்துருவில் கேட்கும். போனிலும் இணையத்திலும் வரும் யூனிகோடு எழுத்திலிருந்து அதற்கு மாற்றும் இலவசக் கருவிகள் இருக்கின்றன. மாற்றியபின் கொம்பும் காலும் சரியா என்று ஒருமுறை பாருங்கள்.

காசை பக்கக் கணக்கில் முதலே பேசிப் பாதியை முற்பணமாக வாங்குங்கள். பரீட்சைக் காலத்தில் மட்டும் வேலை எடுக்காதீர்கள், 31 உங்களுக்காகத் தள்ளிப் போகாது.