பிள்ளையின் நட்சத்திரத்தைப் பிள்ளைக்கே காட்டுங்கள்

வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போனால் பிள்ளைகளைக் கோயிலுக்கு அழைத்துப் போகாமல் யாரும் திரும்புவதில்லை. அர்ச்சனைத் தட்டை வாங்கும்போது குருக்கள் "பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ" என்பார். நாமும் சொல்லிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வோம். சுவாமிமலையில் அறுபது படியும் இறங்கி வந்த பிறகு என் மகள் கேட்டாள்: "ரோகிணின்னு சொன்னீங்களே, அது எங்கப்பா இருக்கு?" அப்போது அவளுக்கு ஆறு வயது. அன்று இரவே மொட்டை மாடியில் காட்டினேன். ஆரஞ்சு மிட்டாய் நிறத்தில் ஒரு புள்ளி. "அது என்னோடதா?" என்று மூன்று முறை கேட்டாள்.

காவிரிக் கரை ஊர்களுக்குச் சிறு பிள்ளைகளோடு போகிறவர்கள் ஓரிரண்டு இரவுகளை வானத்துக்காக ஒதுக்கி வையுங்கள். தொலைநோக்கி எதுவும் வேண்டாம்.

முதலில் காலம். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. வானம் திறப்பதே அபூர்வம். மார்கழிக் கடைசியிலிருந்து மாசி வரைதான் நல்ல நாள்கள். கோடை விடுமுறைக்கு ஜூலை, ஆகஸ்டில் போகிறவர்களுக்கு மேகம் விட்டு விட்டு வரும். ஆனால் ஆடிப்பெருக்கு சமயத்தில் இரவு எட்டு மணிக்குத் தெற்கே பார்த்தால் விருச்சிகம் முழுத் தேளாகவே நிற்கும். நடுவில் சிவப்பாக இருப்பது கேட்டை, வளைந்த வால் நுனி மூலம். லண்டனில் இதே தேள் அடிவானத்தை ஒட்டிக் கிடக்கும், வால் தெரியவே தெரியாது.

இடத்துக்கு அலைய வேண்டியதில்லை. கும்பகோணம், தஞ்சாவூர் நகருக்குள் தெருவிளக்கு வெளிச்சம் அதிகம். உள்ளே தள்ளி வயல் சூழ்ந்த ஊர் என்றால் சொந்தக்காரர் வீட்டு மொட்டை மாடியே போதும். வயல் வரப்பிலோ களத்திலோ பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள். இருட்டிய பிறகு பாம்பு நடமாட்டம் உண்டு, குறிப்பாகக் கட்டுவிரியன். மாடியில் பாய் விரித்துப் படுத்தால் கழுத்தும் வலிக்காது. தை மாதப் பனி தலையில் இறங்கும், ஒரு குல்லாய் போடுங்கள், கொசுவுக்கு முழுக்கை சட்டை. செல்போன் டார்ச்சின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாளை ரப்பர் பேண்டால் கட்டிவிடுங்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். வெள்ளை வெளிச்சம் ஒரு தடவை பட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் போனில் வான வரைபடத்தை நீங்கள் பகலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், மாடியில் எடுக்க வேண்டாம்.

இனி எனக்கு மிகப் பிடித்த வழி. வீட்டுச் சுவரில் தினசரி காலண்டர் தொங்கும். அன்றைய தாளைப் பிள்ளையையே எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லுங்கள்: "ரோகிணி, இரவு 9.40 வரை" என்பது போல இருக்கும். அன்று நிலா அந்த நட்சத்திரத்தின் பக்கத்தில் இருக்கிறது என்பதுதான் அதன் பொருள். நிலா வானத்தை ஒரு சுற்று சுற்ற ஏறத்தாழ 27 நாள், நட்சத்திரமும் 27, ஆக நாளுக்கு ஒரு வீடு. தாளைக் கையில் பிடித்துக்கொண்டு மாடிக்குப் போய் நிலாவைத் தேடினால் போதும், பக்கத்திலேயே அது இருக்கும். கார்த்திகை, ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை நாள்களில் இது அழகாகப் பொருந்தும். சுவாதிக்குப் பொருந்தாது, அந்த நட்சத்திரம் நிலாவின் பாதையிலிருந்து வடக்கே வெகுதூரம் தள்ளி இருக்கிறது. திருவாதிரையும் கொஞ்சம் தெற்கே விலகித்தான் இருக்கும். பிள்ளை பிறந்த நாளில் நிலா எந்த வீட்டில் இருந்ததோ அதுதான் அதன் நட்சத்திரம் என்று சொன்னால் ஆறு வயதுக்கே புரிகிறது.

மாசி மகத்தை ஒட்டிப் போகிறவர்கள், அன்று சாயங்காலம் மகாமகக் குளத்துப் படியிலிருந்தே முழுநிலவையும் அதன் அருகே மகத்தையும் காட்டலாம். வியாழன் சிம்மத்துக்கு வரும் வருஷம் அதுவே மகாமகம். வியாழன் ஒரு சுற்று வர 12 வருஷம் ஆகும். போன மகாமகம் 2016, அடுத்தது 2028. நவக்கிரகக் கோயில்களுக்குக் கார் எடுத்திருந்தால், ஆலங்குடியில் கும்பிட்ட குருவும் கஞ்சனூரில் கும்பிட்ட சுக்கிரனும் அன்று இரவு வானத்தில் இருக்கிறார்களா என்று பாருங்கள். மினுக்காமல் நின்று எரிந்தால் பெரும்பாலும் கோள்.

பொங்கல் சமயத்தில் இரவு எட்டு மணிக்குக் கிழக்கே பார்த்தால் வரிசையாக மூன்று நட்சத்திரம் தெரியும். அங்கிருந்தே தொடங்குங்கள். அந்தக் கோட்டை மேலே நீட்டினால் ரோகிணி, அதையும் தாண்டினால் கார்த்திகைக் கூட்டம். சங்கப் பாட்டில் அதற்கு அறுமீன் என்று பேர். ஆறா ஏழா என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள், நம்மை விட அதிகம் எண்ணுவார்கள். கோட்டைக் கீழே நீட்டினால் வானத்திலேயே மிகப் பிரகாசமான நட்சத்திரமான சிரியஸ். அப்புறம் பத்தரை மணிக்கு மேல் தெற்கே திரும்புங்கள். கையை நீட்டி முஷ்டியை மடக்கி, அடிவானத்திலிருந்து ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டரை முஷ்டி உயரத்தில் நிற்பது அகத்தியர் நட்சத்திரம். காக்கை கமண்டலத்தைத் தட்டிவிட்டுக் காவிரி ஓடிய கதையைச் சொல்ல இதை விட நல்ல இடம் கிடையாது. டொரண்டோவிலும் லண்டனிலும் அந்த நட்சத்திரம் அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. அதே முஷ்டியால் துருவ நட்சத்திரத்தையும் அளக்கச் சொல்லுங்கள். லண்டனில் ஐந்து முஷ்டி உயரத்தில் இருந்தது, இங்கே வடக்கே தென்னை மரங்களுக்குள் ஒரே ஒரு முஷ்டி உயரம்தான்.

நேர மாற்றத்தால் பிள்ளைகள் தூங்காமல் படுத்தும் முதல் நான்கு நாளை வீணாக்காதீர்கள். ஜனவரியில் விடியற்காலை ஐந்து மணிக்கு முழித்துக்கொண்டால் அப்படியே மாடிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். வடக்கே சப்தரிஷி மண்டலம், தெற்கே சிலுவை வடிவில் திரிசங்கு, இரண்டும் ஒரே நேரத்தில் நிற்கும். சிட்னியிலிருந்து வந்த பிள்ளை தன் நாட்டுக் கொடியிலுள்ள சிலுவையைத் தெற்கே கண்டுபிடிக்கும். லண்டன் பிள்ளைக்கு அது புதிது. சப்தரிஷியில் வால் பக்கத்து நடு நட்சத்திரம் வசிட்டர், அவரை ஒட்டி மங்கலாக அருந்ததி. அத்தை கல்யாணத்தில் பட்டப்பகலில் அம்மி மிதித்து அருந்ததி பார்த்தது பிள்ளைக்கு ஞாபகம் இருந்தால், நிஜமாகவே பார்க்கும் வாய்ப்பு இதுதான்.

ஒரே இரவில் எல்லாவற்றையும் காட்ட வேண்டாம். ஐந்து வயதுக்கு ஒரு இரவில் மூன்று பெயர் போதும். கொட்டாவி வந்தால் இறங்கிவிடுங்கள். திருச்சி விமான நிலையம் வழியாகத் திரும்புகிறவர்களுக்கு நேரம் இருந்தால், பக்கத்திலேயே புதுக்கோட்டை சாலையில் அண்ணா அறிவியல் மையத்தின் கோளரங்கம் இருக்கிறது.

திரும்பி வந்ததும் முதல் தெளிந்த இரவில் ஜன்னலைத் திறந்து பாருங்கள். ஊரில் அப்பாயி எட்டு மணிக்குப் பார்த்த கார்த்திகை, பத்தரை மணி நேரம் கழித்து டொரண்டோவில் எட்டு மணிக்கு வந்து நிற்கும்.