பற்றரி ட்றில் வாங்கப் போகிறீர்களா? முதலில் பற்றரியைப் பாருங்கள்

ஹாட்வெயார் கடையில் போய் "வீட்டுப் பாவனைக்கு ஒரு கோட்லெஸ் செட்" என்று கேட்டால், பெரும்பாலும் ஒரு பெரிய பிளாஸ்ரிக் பெட்டியைத் திறந்து காட்டுவார்கள். நடுவில் ட்றில், பக்கத்தில் இரண்டு பற்றரி, ஒரு சார்ஜர், சுற்றிவர நூறு சில்லறைச் சாமான்: ஸ்க்ரூ முனைகள், சொக்கற், குறடு, அளவு நாடா. விலையும் கையைக் கடிக்காது. எனக்கு இந்தப் பெட்டிகளில் நம்பிக்கை இல்லை. சில்லறைச் சாமான் எப்போதும் தனியாகக் கிடைக்கும். பற்றரி செத்தபிறகு அதே பற்றரி கிடைக்குமா என்பதுதான் கேள்வி. இன்று வாங்கும் பற்றரிதான் நாளைக்கு இரும்பு வெட்டித் தேய்க்கும் கிறைண்டர் எது, வாள் எது வாங்கலாம் என்பதைத் தீர்மானிக்கப் போகிறது. அதனால் மெஷினைக் கடைசியாகப் பார்த்தாலும் பரவாயில்லை.

வயர் உள்ள ட்றில் மலிவு, பலமும் கூட. அப்படியிருக்க ஏன் பற்றரி? மதிலடியில் கேற்றுக்கு ஒரு கொண்டி மாட்ட, கிணற்றடிக் கொட்டிலில் ஒரு தகரம் இறுக்க, ஒவ்வொரு தடவையும் எக்ஸ்ரென்ஷன் வயர் இழுத்துக்கொண்டு திரிய ஏலாது. 2022 மார்ச் முடிவில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை கறண்ட் நின்ற காலத்தை மறந்தவர்களும் யாரும் இருக்க மாட்டார்கள்.

படி 1: வேலைகளை எழுதுங்கள்

ஒரு தாளில் அடுத்த ஒரு வருடத்தில் வீட்டில் செய்யவேண்டிய வேலைகளை எழுதுங்கள். யன்னல் சீலைக் கம்பி, கண்ணாடி, குசினித் தட்டு, மாரிக்கு ஊதி இறுகிப்போகும் கதவின் பிணைச்சல், கோழிக்கூட்டு வலை, கொட்டில் தகரம், கேற் பூட்டு. பெரும்பாலான வீடுகளில் இந்தப் பட்டியல் முழுவதும் இரண்டே வேலைக்குள் அடங்கிவிடும்: துளை போடுவது, ஸ்க்ரூ இறுக்குவது. அந்த இரண்டையும் ஒரு ட்றில் செய்யும். வட்டவாள், ஜிக்சோ எல்லாம் பட்டியலில் இல்லையென்றால் செட்டிலும் வேண்டாம். பலகை வெட்டவேண்டி வந்தால் மரக்காலையில் அளவு சொல்லி வெட்டுவித்து வருவது சுலபம்.

படி 2: உங்கள் வீட்டுச் சுவரைத் தட்டிப் பாருங்கள்

எந்த ட்றில் என்பதைச் சுவர்தான் சொல்லும்.

புது வீடுகளில் சீமெந்துக் கல். இதற்குச் சுத்தியல் வசதி உள்ள ட்றில், அதாவது சுற்றிக்கொண்டே தட்டவும் செய்யும் ட்றில் வேண்டும். தலைப்பகுதி வளையத்தில் ஒரு சுத்தியல் படம் போட்டிருக்கும், அதுதான் அடையாளம். அந்தப் படம் இல்லாத ட்றில் மரத்துக்கும் தகரத்துக்கும் மட்டும்தான். 18 வோல்ற் சுத்தியல் ட்றில் ஒன்றினால் சீமெந்துக் கல்லில் 6, 8 மில்லிமீற்றர் துளை தாராளமாகப் போடலாம்.

தூண், லின்டல், பிளேற் போன்ற கொங்கிறீற் இடங்கள் வேறு கதை. அங்கே இந்த ட்றில் சத்தம் போடுமே தவிர உள்ளே போகாது. அதற்கு எஸ்டிஎஸ் என்ற வகை ரோட்டரி ஹாமர் வேண்டும். வருடத்தில் நாலு துளைக்காக அதை வாங்குவது வீண் செலவு, வாடகைக்கு எடுங்கள், அல்லது கறண்ட் வேலைக்கு வருபவரிடம் சொல்லி அந்தத் துளைகளையும் போடுவியுங்கள்.

பழைய கல்வீடு என்றால் நிதானம் வேண்டும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவரில் சுத்தியலைப் போட்டு அமத்தினால் பூச்சு பெயர்ந்து துளை பெரிதாகிவிடும். சுத்தியலை நிறுத்தி, வெறும் சுழற்சியில், மெல்லிய துண்டால் (ட்றில்லில் மாட்டும் துளைக்கும் கம்பி) தொடங்கி, பிறகு பெரிய துண்டுக்கு மாறுங்கள்.

மரத்தில் நம் யாழ்ப்பாணத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு, பனை. பனஞ்சிலாகையின் வைரப் பகுதி கறுப்புக் கறுப்பான நார்களாக, இரும்பு மாதிரி இருக்கும். முன்துளை போடாமல் ஸ்க்ரூவை நேரே ஏற்றினால் பாதியில் தலை முறியும். பித்தளை ஸ்க்ரூ என்றால் சொல்லவே வேண்டாம். 4 மில்லிமீற்றர் ஸ்க்ரூவுக்கு 3 மில்லிமீற்றர் துளை முதலில். ஸ்க்ரூவின் புரியில் கொஞ்சம் சவர்க்காரம் தேய்த்துவிட்டால் வழுக்கிக்கொண்டு இறங்கும்.

படி 3: வோல்ற் கணக்கில் ஏமாறாதீர்கள்

ஒரு பெட்டியில் 18 வோல்ற், இன்னொன்றில் 20, மற்றதில் 21 என்று இருக்கும். மூன்றும் ஒன்றுதான். உள்ளே ஐந்து லித்தியம் கலங்கள் தொடராக இருக்கின்றன. ஒரு கலத்தின் சராசரி 3.6 வோல்ற், ஐந்துக்கு 18. முழுச் சார்ஜில் ஒரு கலம் 4.2 வரை ஏறும், ஐந்துக்கு 21. யார் எந்த நேரத்து அளவை அச்சடிக்கிறார் என்பதுதான் வித்தியாசம். 12 வோல்ற் என்பதும் இப்படித்தான்: மூன்று கலம், சராசரி 10.8.

48, 88, 128 என்றெல்லாம் பெரிய எழுத்தில் போட்ட மலிவு மெஷின்களும் வருகின்றன. பற்றரியைக் கையில் எடுத்தால் அதே ஐந்து கல அளவுதான் இருக்கும். அந்த எண்ணை வோல்ற் என்று நினைத்துக் காசு கொடுக்காதீர்கள்.

சுவர் வேலை இருந்தால் 18. மரத் தளபாடம் பூட்டுவது, பிணைச்சல் மாற்றுவது மட்டும் என்றால் 12 போதும், கைக்கும் பாரமில்லை.

அடுத்தது அம்பியர் மணி. வாளியின் கொள்ளளவு போல அதை நினைத்துக்கொள்ளுங்கள்: 2 என்றால் சின்ன வாளி, 4 என்றால் பெரியது. ட்றில்லுக்கு 2 அம்பியர் மணிப் பற்றரி இரண்டு இருந்தால் ஒன்று வேலை செய்ய மற்றது சார்ஜாகும். பெரிய பற்றரி ஒன்றே ஒன்று வைத்திருப்பதைவிட இது வசதி. கிறைண்டர் வாங்கும் எண்ணம் இருந்தால் மட்டும் 4 பாருங்கள், அது பற்றரியைக் குடித்துவிடும்.

பொய்ப் பற்றரியைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. பழக்கமான 18650 அளவுக் கலம் ஒன்று 45 கிராமுக்குக் கிட்ட நிறுக்கும், நல்ல கலமானாலும் பொதுவாக 3.5 அம்பியர் மணிக்குக் கிட்டத்தான் தாங்கும். ஆகவே ஐந்து கலம் மட்டும் கொள்ளும் மெல்லிய பற்றரியில் 9 அம்பியர் மணி என்று எழுதியிருந்தால் அது வெறும் எழுத்து. இரண்டு பற்றரியை இரண்டு கையில் வைத்துப் பாருங்கள். 2 என்று எழுதியதும் 6 என்று எழுதியதும் ஒரே பாரமாக இருந்தால் பெட்டியை மூடிக் கொடுத்துவிடலாம்.

படி 4: ஒரு குடும்பத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஒரு நிறுவனத்தின் பற்றரி பொதுவாக இன்னொரு நிறுவனத்தின் மெஷினில் ஏறாது. ஒரே நிறுவனத்துக்குள்ளும் எல்லாம் பொருந்தாது. போஷில் பச்சை நிற வீட்டு வகையின் பற்றரி, நீல நிறத் தொழில் வகையில் ஏறாது. மகிற்றாவின் 12, 18, 40 வோல்ற் மூன்றும் மூன்று குடும்பம்.

ஆகவே கடையில் கேட்கவேண்டிய முதல் கேள்வி: "இந்தப் பற்றரி தனியாக இருக்கா? என்ன விலை?" பற்றரி தனியாக இல்லையென்றால் அந்தச் செட் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். இரண்டாவது கேள்வி: "பற்றரி இல்லாமல் மெஷின் மட்டும் தருவீங்களா?" அப்படி வெறும் மெஷினாகக் கிடைக்கும் குடும்பத்தில்தான் பிறகு ஒவ்வொன்றாகச் சேர்க்கும்போது காசு மிஞ்சும். மூன்றாவது, பழுதானால் யாழ்ப்பாணத்திலேயே பார்ப்பார்களா, கொழும்புக்கு அனுப்பவேண்டுமா என்பது.

தினமும் வேலை செய்யும் தச்சருக்கு மகிற்றா, டிவோல்ற் நியாயம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை எடுப்பவருக்கு இங்கோ, டோட்டல் போன்ற நடுத்தர விலைக்காரர்களே போதும் என்பது என் எண்ணம். பற்றரி கடையில் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

படி 5: வெளிநாட்டிலிருந்து வருகிறதா?

நம் ஊரில் பாதிச் செட்டுகள் கடையில் வாங்கியவையல்ல, கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ மாமாவோ மச்சானோ கொண்டுவந்தவை. நல்ல சாமான்தான். ஆனால் சார்ஜரைச் சொக்கற்றில் போட முன்னர் அதன் பின்பக்கத்தைப் பாருங்கள்.

கனடாவிலும் அமெரிக்காவிலும் வீட்டுக் கறண்ட் 120 வோல்ற். இங்கே 230. சார்ஜரில் 120 மட்டும் எழுதியிருந்தால் இங்கே செருகிய உடனேயே எரியும். பிளக் அடப்ரர் காலின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ற்றை மாற்றாது. 100–240 என்று இருந்தால் பயமில்லை. 120 மட்டும் உள்ளதற்கு வோல்ற்றைக் குறைக்கும் ட்ரான்ஸ்போமர் பாவிக்கலாம். அதைவிட நேர்த்தியான வழி, மெஷினையும் பற்றரியையும் அங்கிருந்து எடுத்து, அதே குடும்பத்துச் சார்ஜரை இங்கே வாங்குவது. டிவோல்ற் கனடாவில் 20 வோல்ற் மாக்ஸ் என்று விற்பதும் ஐரோப்பாவில் 18 வோல்ற் என்று விற்பதும் ஒரே அளவுப் பற்றரிதான். பெயரைப் பார்த்து மலைக்க வேண்டாம்.

லண்டன்காரர் கொண்டுவந்தால் தலையிடி இல்லை. அங்கேயும் 230, நம் புதுச் சொக்கற்றுக்குப் பொருந்தும் அதே சதுரக் கால் பிளக். பிரான்ஸ், ஜேர்மனி, சுவிஸ் என்றால் வோல்ற் சரி, அடப்ரர் ஒன்று போதும்.

வருபவருக்கு முன்கூட்டியே சொல்லவேண்டிய ஒன்று: தனியாகக் கொண்டுவரும் லித்தியம் பற்றரி பெரிய சூட்கேசில் போகக்கூடாது, கைப்பையில்தான். முனைகள் ஒன்றையொன்று தொடாமல் மூடி போட்டோ ரேப் ஒட்டியோ வரவேண்டும். 100 வாற் மணி வரை பொதுவாகச் சிக்கல் இல்லை. அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதுவும் இரண்டுக்கு மேல் ஏலாது. கணக்கு சுலபம்: வோல்ற்றை அம்பியர் மணியால் பெருக்குங்கள். 18 தடவை 5, அதாவது 90, தப்பியது. 18 தடவை 6 என்றால் 108, அனுமதி கேட்க வேண்டும். "5 அம்பியர் மணிக்கு மேல் எடுக்காதேங்கோ" என்று ஒரு வட்ஸ்அப் போட்டுவிட்டால் விமான நிலையத்தில் அவருக்கும் மினக்கேடில்லை.

படி 6: செட்டில் எதை எடுப்பது

முதல் செட்: சுத்தியல் ட்றில் ஒன்று, 2 அம்பியர் மணிப் பற்றரி இரண்டு, சார்ஜர். 13 மில்லிமீற்றர் வரை பிடிக்கும் சக் (துண்டைக் கவ்வும் தலை), இரண்டு கியர், 40 முதல் 60 நியூட்டன் மீற்றர் முறுக்கு விசை இருந்தால் வீட்டுக்குத் தாராளம். பிரஷ் இல்லாத மோட்டர் என்றால் ஆயுள் கூட, பற்றரியும் மிஞ்சும். காசு இருந்தால் எடுங்கள், இல்லையென்றால் கவலைப்படாதீர்கள்.

அடுத்ததாக இம்பக்ட் ட்றைவர், தட்டித் தட்டி ஸ்க்ரூ இறுக்கும் மெஷின். கூரைத் தகரத்துக்கு இறப்பர் வாசர் போட்ட ஸ்க்ரூ நிறைய அடிப்பவர்களுக்கு இது சொர்க்கம். மற்றவர்களுக்கு ஆசைச் சாமான்.

கிறைண்டரை ஆரம்பத்தில் வாங்கவேண்டாம் என்பேன். துருப்பிடித்த போல்ற் வெட்ட, கேற் தேய்க்க நன்றாக உதவும், ஆனால் பழக்கமில்லாத கையில் இந்தக் குடும்பத்திலேயே அதுதான் ஆபத்தானது. வாங்கினால் வட்டின் மூடியைக் கழற்றாதீர்கள், பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் தொடாதீர்கள்.

படி 7: கடை மேசையில் சோதியுங்கள்

பற்றரியைச் செருகி விசையை மெதுவாக அமத்துங்கள். மெல்ல அமத்தினால் மெல்லச் சுற்ற வேண்டும். விட்டவுடன் டக்கென்று நிற்க வேண்டும். நீளமான துண்டு ஒன்றைச் சக்கில் பிடித்து ஓடவிட்டு அதன் நுனியைப் பாருங்கள். நுனி வட்டம் போட்டால் சக் கோணல், வேறு ஒன்று கேளுங்கள். பில்லில் மெஷினின் தொடர் எண்ணை எழுதுவித்து, உத்தரவாதம் பற்றரிக்கும் சேர்த்தா என்று கேளுங்கள். பல இடங்களில் மெஷினுக்கு ஒரு காலம், பற்றரிக்கு வேறு காலம்.

படி 8: முதல் ஸ்க்ரூ

வளையத்தில் இருக்கும் எண்கள் எவ்வளவு விசையில் கழன்று சுற்றவேண்டும் என்பதற்கு. மேலே உள்ள கியரை 1இல் வைத்து, எண்ணை 5இல் வைத்துத் தொடங்குங்கள். ஸ்க்ரூ முழுக்க இறங்க முன்னர் "டறடற" என்று சத்தம் வந்தால் எண்ணைக் கொஞ்சம் கூட்டுங்கள். தலை மரத்தோடு சமனாகும்போது சத்தம் வந்தால் அதுதான் அந்த மரத்துக்குச் சரியான எண். மரத்தில் துளை போட வளையத்தை ட்றில் படத்துக்கும், சுவர் என்றால் சுத்தியல் படத்துக்கும் திருப்பி, கியர் 2க்கு மாறவேண்டும். மெஷின் ஓடும்போது கியரை மாற்றாதீர்கள்.

சுவரில் துளை போட முன்னர் சுவிச்சுக்கு நேர் மேலேயும் கீழேயும் உள்ள கோட்டை விட்டுவிடுங்கள், பெரும்பாலும் அதற்குள்தான் வயர் போகும்.

பற்றரியை வேலை முடிந்த சூட்டோடு சார்ஜ் போடாமல் ஆறவிடுங்கள். சித்திரை வெயிலில் தகரக் கொட்டிலுக்குள் சார்ஜ் போடவேண்டாம், வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். நாளாகப் பாவிக்காவிட்டால் பாதிச் சார்ஜில் கழற்றி வையுங்கள். குருநகர், பருத்தித்துறை போலக் கடற்கரைப் பக்கத்து வீடுகளில் உப்புக்காற்று சக்கைத் துருவாக்கும், மூடிய பெட்டியில்தான் வைக்க வேண்டும்.

கடையிலிருந்து வெளிக்கிட முன்னர், சுவருக்கு 6 மற்றும் 8 மில்லிமீற்றர் துண்டு ஒவ்வொன்று, மரத்துக்கு 3 மில்லிமீற்றர், நல்ல நட்சத்திர முனை நாலைந்து, அதே 6 மில்லிமீற்றருக்குப் பொருந்தும் றோல் பிளக் (சுவர்த் துளைக்குள் ஸ்க்ரூவைப் பிடிக்க வைக்கும் பிளாஸ்ரிக் குழாய்) ஒரு பக்கற் வாங்குங்கள். பெட்டியோடு வரும் நூறு துண்டில் இவை இருக்கும், ஆனால் சுவரில் இரண்டு துளைக்குள் மழுங்கிவிடும்.