காலாப்பட்டுக்குக் கோடைப் பயிற்சிக்கு வர நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு

நான் காலாப்பட்டில் இருக்கும் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் ஆராய்ச்சி மாணவி. சொந்த ஊர் கடலூர், மஞ்சக்குப்பம். மே மாதம் பிறந்தால் எங்கள் ஆய்வகத்துக்கு பி.எஸ்சி., எம்.எஸ்சி. படிக்கும் பிள்ளைகள் இரண்டு மாதப் பயிற்சிக்கு வருவார்கள். கேரளாவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ரயிலேறி வருகிறார்கள். பக்கத்தில் இருக்கும் கடலூரிலிருந்து வருபவர்கள்தான் குறைவு. மார்க் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. ஏப்ரல் கடைசியில் பரீட்சை டைம்டேபிள் வந்த பிறகுதான் நம் பிள்ளைகளுக்கு இந்த நினைப்பே வருகிறது. அதற்குள் இடமெல்லாம் நிரம்பிவிடும்.

கோடைப் பயிற்சிக்கான வேலை ஐப்பசி மாதமே தொடங்கிவிட வேண்டும். பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜ் ஊர்களில் உள்ள மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து கோடை ஆராய்ச்சி உதவித்தொகை தருகின்றன. தேர்வானால் இரண்டு மாதம் ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்திலோ ஆய்வு நிறுவனத்திலோ வேலை செய்யலாம். அதற்கான விண்ணப்பம் பெரும்பாலும் நவம்பரோடு முடிந்துவிடும். உங்கள் ஆசிரியர் ஒருவரின் பரிந்துரையும் கேட்பார்கள். அவரிடம் கடைசி நாள் சாயங்காலம் போய் நிற்காதீர்கள். கணிதம் படிப்பவர்களுக்கு எம்.டி.டி.எஸ். (Mathematics Training and Talent Search) இருக்கிறது. 1993 முதல் நடக்கும் நான்கு வார முகாம் அது. அங்கே ஆசிரியர் கரும்பலகையில் எழுதிப்போட்டுவிட்டுப் போகமாட்டார், உங்களைக் கேள்வி கேட்டே பாடம் நடத்துவார். முதல் இரண்டு நாள் அழுகை வரும் என்று போய் வந்த தோழி சொன்னாள். பிறகு திரும்பி வர மனசே வரவில்லையாம்.

இவை கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. பேராசிரியருக்கு நேராக மெயில் எழுதலாம். எங்கள் ஆய்வகத்துக்கு வருபவர்களில் பாதிப் பேர் அப்படி வந்தவர்கள்தான். ஜனவரியில் எழுதுங்கள்.

அந்த மெயிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் கைடுக்கு, அதாவது எங்கள் ஆராய்ச்சியை வழிநடத்தும் பேராசிரியருக்கு, வருபவற்றில் பெரும்பாலானவை ஒரே அச்சு. 'மதிப்புக்குரிய ஐயா, தங்கள் ஆராய்ச்சியில் எனக்கு மிகுந்த ஆர்வம்' என்று தொடங்கும். என்ன ஆராய்ச்சி என்று கடைசி வரை இருக்காது. சில மெயில்களில் முகவரி வரிசையில் நாற்பது பேராசிரியர்களின் பெயரும் தெரியும். அதை யாரும் திறந்துகூடப் படிப்பதில்லை.

முதலில் துறையின் இணையதளத்தில் மூன்று நான்கு பேரைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொருவரும் சமீபத்தில் எழுதிய ஒரு கட்டுரையை, ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் தேடி எடுங்கள். முழுக்கப் புரியாது, எனக்கே புரியாது. முன்னுரையும் முடிவும் படித்தால் போதும். அதில் உங்களுக்கு எழுந்த ஒரு சந்தேகத்தை மெயிலில் ஒரே வரியில் கேளுங்கள். 'இந்த வினையில் ஏன் அந்தக் கரைப்பானைப் பயன்படுத்தினீர்கள்' என்ற அளவில் இருந்தால் போதும். அப்புறம் நீங்கள் யார், எந்தக் கல்லூரி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வர முடியும், செமஸ்டர் பரீட்சை எப்போது முடியும் என்பதை எழுதுங்கள். ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டியிருக்கும். சின்னச் சின்ன வாக்கியமாக எழுதினால் இலக்கணமும் தப்பாது. மார்க் ஷீட்டை ஒரே பி.டி.எஃப். ஆக்கி, அந்த ஃபைலுக்கு உங்கள் பெயரையே வையுங்கள். 'ஸ்கேன்1' என்று வரும் ஃபைல் யாருடையது என்று தேடும் பொறுமை அவர்களுக்கு இருக்காது. பத்து நாளாகியும் பதில் வராவிட்டால் அதே மெயிலின் கீழே மரியாதையாக ஒரு வரி நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லையா, சரி, அடுத்தவருக்கு எழுதுங்கள்.

பணம் கட்டினால் வீட்டிலிருந்தபடியே சான்றிதழ் என்று வரும் விளம்பரங்களை நம்பாதீர்கள். நாளைக்கு நேர்காணலில் 'என்ன செய்தாய்' என்று கேட்டால் அந்தக் காகிதம் வாயைத் திறக்காது.

இடம் கிடைத்துவிட்டால் அன்றைக்கே கல்லூரியில் என்.ஓ.சி. (ஆட்சேபனை இல்லை என்ற சான்று) கேட்டு வையுங்கள். லீவு விட்ட பிறகு முதல்வரின் கையெழுத்துக்கு அலைய வேண்டியிருக்கும். விடுதியில் இடம் உண்டா என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள், பயிற்சிக்கு வருகிறவர்களுக்குத் தானாகக் கிடைத்துவிடாது.

கடலூரிலிருந்து தினமும் வந்து போவதும் நடக்கிற காரியம்தான், ஆனால் உடம்பு அலுத்துவிடும். முள்ளோடையில் தமிழ்நாடு முடியும், புதுச்சேரி பேருந்து நிலையத்தில் பஸ் மாற வேண்டும், கோட்டக்குப்பத்தில் மறுபடி தமிழ்நாடு வரும், காலாப்பட்டில் மறுபடி புதுச்சேரி. ஒரு காலை வேளையில் மூன்று எல்லை தாண்டுகிற படிப்பு வேறெங்கே இருக்கிறது! முதல் இரண்டு வாரமாவது இங்கேயே தங்கப் பாருங்கள். ஆய்வகத்தில் உருப்படியான பேச்சு நடப்பது சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல்தான். நீங்கள் ஐந்தரை பஸ்ஸுக்கு ஓடினால் அது கிடைக்காது.

உடுப்பு விஷயத்தில் அம்மாவின் பேச்சைவிட என் பேச்சைக் கேளுங்கள். பருத்தித் துணி, முழுக்கால் பேன்ட், மூடிய ஷூ. செருப்போடு வந்தால் உள்ளே விடமாட்டோம். துப்பட்டாவைப் பின் குத்தி, தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். அக்னி நட்சத்திரத்தில் லேப் கோட்டும் போட்டால் வேர்த்து ஊற்றும், வேறு வழியில்லை. டைஎத்தில் ஈதர் என்ற கரைப்பான் சுமார் 35 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். நம் ஊர் மே மாத மதியத்துக்கு அந்தச் சூடு சாதாரணம். அந்த பாட்டிலைக் குளிர வைத்து, ஆவியை வெளியே இழுத்துவிடும் பியூம் ஹூட் பெட்டிக்குள் வைத்து, மெதுவாகத் திறக்க வேண்டும். சீனியர் பக்கத்தில் இல்லாமல் தொடவே வேண்டாம்.

முதல் வாரம் உங்களுக்குப் பெரும்பாலும் டி.எல்.சி. தகடுதான் தருவார்கள். கலவையில் என்னென்ன சேர்மம் இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க உதவும், மெல்லிய பூச்சுள்ள தகடு அது. சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். அடியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் விட்டுப் பென்சிலால் கோடு போட வேண்டும். பேனாவால் போட்டால் மையும் கரைந்து மேலே ஏறும். ஊசிபோல் இழுத்த கண்ணாடிக் குழாயால் கோட்டின் மேல் ஒரு புள்ளி வையுங்கள். புள்ளி பெரிதானால் வால் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். பிறகு தகட்டைக் கரைப்பான் உள்ள குடுவையில் நிறுத்துங்கள். அதில் இருக்கும் ஹெக்சேனும் எத்தில் அசிடேட்டும் கோட்டுக்குக் கீழேதான் நிற்க வேண்டும், கோட்டைத் தொட்டால் உங்கள் சேர்மம் குடுவையிலேயே கரைந்துபோகும். கரைப்பான் உச்சிக்கு ஏறுவதற்குச் சற்று முன் எடுத்து, ஏறிய இடத்தை உடனே பென்சிலால் குறித்துவிடுங்கள், கண் மூடித் திறப்பதற்குள் காய்ந்துவிடும். 254 நானோமீட்டர் யு.வி. விளக்கின் கீழ் தகடு பச்சையாக ஒளிரும், உங்கள் சேர்மம் இருக்கும் இடம் மட்டும் கறுப்பாகத் தெரியும். முதல் முறை பார்க்கும்போது எல்லாப் பிள்ளைகளும் 'அக்கா!' என்று ஒரு சத்தம் போடுவார்கள்.

அந்தத் தகட்டை அப்படியே நோட்டில் வரையுங்கள். போனில் போட்டோ எடுத்தாலும் வரையுங்கள். என்னைக் கேட்டால் இந்த இரண்டு மாதத்தில் கற்க வேண்டிய ஒரே வித்தை நோட்டு எழுதுவதுதான். தைத்த நோட்டு, பக்க எண், தேதி, பேனா. வைட்னர் கூடாது, தவறானதை ஒரே கோடாக அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதுங்கள். தராசு 0.2137 என்று காட்டினால் 0.21 என்று எழுதாதீர்கள். 'நிறம் மாறியது' என்று எழுதினால் யாருக்கும் பயன்படாது. எந்த நிறத்திலிருந்து எந்த நிறத்துக்கு, எத்தனை நிமிஷத்தில் என்று எழுதுங்கள். இரண்டு மாதத்தில் யாரும் எதையும் கண்டுபிடித்துவிடப் போவதில்லை. நோட்டு ஒழுங்காக இருந்தால் உங்கள் வேலையை அடுத்தவர் தொடரலாம். சில சமயம் அப்படித்தான் ஒரு கட்டுரையில் உங்கள் பெயரும் வரும்.

வாராந்திரக் கூட்டத்தில் நம் ஊர்ப் பிள்ளைகள் பின்வரிசையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். ஆங்கிலம் தப்பாகிவிடும் என்ற பயம். மலையாளமும் ஒடியாவும் கலந்த ஆங்கிலம்தான் இங்கே எல்லாருக்கும். முந்தின நாளே ஒரு கேள்வியைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு அதைப் பார்த்தே படித்துவிடுங்கள். தவறில்லை.

சும்மா இருக்கும் மதியங்களில் பல்கலைக்கழகத்தின் ஆனந்தரங்கப்பிள்ளை நூலகத்துக்குப் போகலாமா என்று கைடிடம் ஒரு கடிதம் கேட்டுப் பாருங்கள்.

கடைசி வாரத்தில் புது வினை எதையும் தொடங்காதீர்கள். உங்கள் குடுவைகளில் பெயர், தேதி, நோட்டுப் பக்க எண் எழுதி ஒட்டுங்கள். ஒட்டாதவை ஜூலையில் கழிவுப் பெட்டிக்குத்தான் போகும். மூல நோட்டு ஆய்வகத்துக்குச் சொந்தம், உங்களுக்கு நகல். சான்றிதழில் தொடங்கிய தேதியும் முடிந்த தேதியும் செய்த வேலையும் இருக்கிறதா பார்த்து வாங்குங்கள். பிறகு எம்.எஸ்சி.க்கோ பிஎச்.டி.க்கோ பரிந்துரைக் கடிதம் வேண்டுமென்றால் மூன்று வாரம் முன்னால் கேளுங்கள். எந்த வருஷம் வந்தீர்கள், என்ன செய்தீர்கள் என்று இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள். ஒவ்வொரு கோடைக்கும் புது முகங்கள் வருகின்றன, பெயரை மட்டும் வைத்து யாரையும் நினைவில் வைத்திருக்க எங்கள் கைடால் முடிவதில்லை.