நாலு வயசுக் குழந்தைக்குக் கொலனோஸ்கோபி: மருந்தைக் குடிக்க வைத்த விதம்

மகளுக்கு வலி எதுவும் இல்லாமல் மலத்தில் ரத்தம் வந்துகொண்டிருந்தது, குடலில் பாலிப் (உள்சுவரில் வளரும் சின்னச் சதை) இருக்கலாம் என்று கொலனோஸ்கோபி, அதாவது ஆசனவாய் வழியாகக் கேமரா குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை, செய்யச் சொன்னார்கள். சோதனை மயக்க மருந்து கொடுத்துத்தான் நடக்கும், அதில் குழந்தைக்குக் கஷ்டமில்லை. கஷ்டமெல்லாம் முந்தின நாள் குடலைக் காலி செய்யக் குடிக்கும் பெக் பவுடர் கரைசலில்தான். எடைக்குத் தக்க அளவை டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். இவள் வாயில் வைத்ததும் உவ்வே என்று துப்பிவிட்டாள்.

அப்புறம் அதை ஃபிரிட்ஜில் நன்றாகக் குளிரவைத்து, மூடி போட்ட டம்ளரில் ஸ்ட்ரா போட்டு, கார்ட்டூன் ஓடும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன், குமட்டினால் சற்று நிறுத்திவிட்டு மறுபடி. நடுவில் டாக்டர் அனுமதித்த இளநீர், வடிகட்டிய ஆப்பிள் ஜூஸ். சிவப்பு நிற ஜூஸும் ஜெல்லியும் வேண்டாம், உள்ளே பார்க்கும்போது ரத்தம் மாதிரித் தெரியும். பாலும் கூடாது (இதைப் பாட்டிக்குப் புரியவைப்பது தனி வேலை!).

பேதி ஆரம்பிக்கும் முன்பே ஆசனவாயைச் சுற்றி வாசலின் தடவிவிடுங்கள், துடைத்துத் துடைத்தே புண்ணாகிவிடும். தண்ணீர் ஊற்றிக் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தால் போதும். ராத்திரி மஞ்சள் தண்ணீராகத் தெளிந்து போனது. காலையில் நர்ஸிடம் அதைச் சொன்னதும், "சரி, கூட்டிட்டு வாங்க" என்றார்.